அழுத்தாமல் தாங்கும் கலை

நுழையும்முன்

ஒரு பொருளைக் கீழே விழாமல் தாங்குவது எளிது. அதன் வடிவம் சற்றும் மாறாமல் தாங்குவது அரிது. கண்ணாடி வட்டைக் கையால் தேய்த்துத் தொலைநோக்கிக்கான ஆடியைத் தாமே உருவாக்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். பல மாத உழைப்பில் உருவான அந்த ஆடியைக் குழாயின் அடியில் ஏந்தி நிற்பது ஒரு சிறு சட்டகம். அந்தச் சட்டகம் உழைப்பைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். ஆடியைத் தாங்கும் முறையில் பொதிந்துள்ள அறிவியலையும் கைவினை நுட்பத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

வீட்டில் பிறந்த தொலைநோக்கிகள்

வானியல் வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்புகள் சில, வீட்டில் செய்யப்பட்ட தொலைநோக்கிகளால் நிகழ்ந்தவை. இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக வாழ்ந்த வில்லியம் எர்செல், தாமே வார்த்து மெருகிட்ட உலோக ஆடியைக் கொண்டு 1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் யுரேனசு கோளைக் கண்டார். கோள்களின் எண்ணிக்கையையே மாற்றிய அக்கருவியின் ஆடி, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது.

எர்செல் அத்துடன் நிற்கவில்லை. 122 செ.மீ. விட்டமுள்ள பேராடியைக் கொண்ட தொலைநோக்கியை 1789இல் நிறைவுசெய்தார். அதற்கென வார்க்கப்பட்ட முதல் ஆடி, எண்ணியதைவிட மெலிந்துபோனது. மெருகில் குறையில்லை, உலோகத்திலும் குறையில்லை. எனினும், தொலைநோக்கியைச் சாய்க்கும்போது அது தன் எடையாலேயே வடிவம் குலைந்தது. ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ள இன்னோர் ஆடியை அவர் வார்க்க வேண்டியதாயிற்று. வளையாத ஆடி வேண்டுமெனில் தடிப்பைக் கூட்ட வேண்டும் என்பதே அக்காலத்தார் கண்ட வழி. தடிப்பு கூடினால் எடை கூடும். எடை கூடினால் குழாயும் தாங்குமேடையும் பெருக்கும். இந்தச் சுழலிலிருந்து விடுபட, ஆடியைத் தாங்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

எவ்வளவு வளைந்தால் பிழை?

எதிரொளிப்புத் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியைத் திரட்டுவது முதன்மை ஆடியாகும். குழாயின் அடியில், முகம் மேல்நோக்கி அமர்ந்திருக்கும் இக்குழியாடியின் பரப்பு பரவளைய வடிவில் அமைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் எல்லாப் பகுதிகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே இடத்தில் குவியும்.

இவ்வடிவம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? ஆடியிலிருந்து திரும்பும் ஒளியலையில், அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிசகு இருத்தலாகாது என்பது 19ஆம் நூற்றாண்டின் இயற்பியலறிஞர் இராலே வகுத்த அளவுகோல். ஒளி ஆடியை நோக்கிச் செல்லும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் அதே மேடுபள்ளத்தைக் கடக்கிறது. ஆகவே, பரப்பிலுள்ள பிழை அலையில் இருமடங்காகிறது. இதனால் பரப்பில் ஏற்கத்தக்க பிழை, அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கே ஆகும். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நானோமீட்டர். அதன் எட்டில் ஒரு பங்கு 69 நானோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிப்பை ஆயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஏறத்தாழ இவ்வளவு இருக்கும்.

கையால் தேய்த்தே இத்துல்லியத்தை எட்ட முடியும் என்பது வியப்புக்குரியது. அதனினும் வியப்புக்குரியது, அத்துல்லியம் எவ்வளவு எளிதில் குலையும் என்பதே. கண்ணாடி வளையாத பொருள் என்பது அன்றாட வாழ்வின் எண்ணம். மெழுகும் இரப்பரும் வளைவதைப் போலவே கண்ணாடியும் வளைகிறது. வளைவின் அளவுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அவ்வளவு, விண்மீனின் ஒளிக்குத் தெரிந்துவிடுகிறது.

விட்டமும் தடிப்பும்

ஆடி தன் எடையால் எவ்வளவு தொய்யும் என்பதை இரண்டு அளவுகள் முடிவுசெய்கின்றன. தாங்கும் முறை ஒன்றாகவே இருக்குமாயின், தொய்வு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், தடிப்பின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். விட்டத்தை இருமடங்காக்கித் தடிப்பை மாற்றாமல் விட்டால், தொய்வு 16 மடங்காகிறது.

15 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. தடிப்பும் கொண்டது தொடக்கநிலை ஆர்வலரின் ஆடி. 40 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. தடிப்பும் கொண்ட ஆடியை அதனோடு ஒப்பிடுவோம். பின்னதன் தடிப்பு கூடுதல்தான். எனினும், அதன் தொய்வு முன்னதைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு. சிறிய ஆடிக்குப் போதுமான தாங்கி பெரிய ஆடிக்குப் போதாமல் போவதன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோ நகரில் ஜான் டாப்சன் என்பவர், தடித்த அட்டைக்குழாய், ஒட்டுப்பலகை முதலிய எளிய பொருள்களால் பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, தெருவோரத்தில் நிறுத்தி, வழிப்போக்கர்க்கு நிலவையும் கோள்களையும் காட்டினார். அவர் வழியில், குறைந்த செலவில் பெரிய ஆடிகளை அமைக்கும் வழக்கம் பரவியது. பெரியதும் மெலிந்ததுமான ஆடிகள் ஆர்வலர் கைக்கு வந்தபோது, அவற்றைத் தாங்குவது எப்படி என்னும் வினாவும் உடன் வந்தது.

மூன்று புள்ளிகள்

ஆடியைச் சமதளப் பலகை ஒன்றின்மேல் அப்படியே வைத்துவிட்டால் என்ன? முழுப் பரப்பும் தாங்கப்படுமே எனத் தோன்றலாம். உண்மையில் எந்தப் பலகையும் 69 நானோமீட்டர் அளவுக்குச் சமதளமன்று. ஆடியின் பின்புறமும் அவ்வாறே. இரண்டும் சந்திக்கும் சில மேடுகளே சுமையை ஏற்கும். அம்மேடுகள் எங்கே உள்ளன என்பதை எவரும் அறியார். வெப்பமும் ஈரமும் மாற, பலகை வளைந்து அவையும் இடம்பெயரும்.

மூன்று கால் முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு கால் நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை ஐயமின்றி வரையறுக்கின்றன. நான்காம் புள்ளி சேர்ந்தால் எது சுமையைத் தாங்குகிறது, எது சும்மா இருக்கிறது என்பது உறுதியில்லை. ஆகவே, சிறிய ஆடிகளுக்கு மூன்று புள்ளித் தாங்கியே சிறந்தது.

அம்மூன்று புள்ளிகளும் விளிம்பில் அமைந்தால் நடுப்பகுதி தொய்யும். நடுவில் நெருங்கி அமைந்தால் விளிம்பு தொங்கும். இரண்டுக்கும் இடையே, மையத்திலிருந்து ஆரத்தின் ஏறத்தாழ 0.4 பங்கு தொலைவில் அமைந்தால் வடிவப்பிழை மிகக் குறைகிறது. 15 செ.மீ. ஆடிக்கு இது மையத்திலிருந்து 3 செ.மீ. ஆகும்.

சுமையைப் பங்கிடும் முக்கோணங்கள்

பெரிய ஆடிக்கு மூன்று புள்ளிகள் போதா. மூன்றுக்கு மேற்பட்டாலோ சுமை சமமாகப் பகிரப்படுமென்னும் உறுதி இல்லை. இம்முரணுக்கு விடை கண்டவர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கருவிகள் செய்துவந்த தாமசு கிரப். 1830களில் அர்மா வானாய்வகத்தின் தொலைநோக்கிக்கென அவர் அமைத்த தாங்கியில், புள்ளிகள் ஒரே பலகையில் ஊன்றப்படவில்லை. அசையக்கூடிய நெம்புகோல்களின் முனைகளில் அமர்ந்தன.

இம்முறையைப் பேரளவில் கையாண்டவர் ராசு பிரபு எனப்படும் வில்லியம் பார்சன்சு. அவர் தம் பிர் மாளிகை வளாகத்திலேயே உலைகளை அமைத்து, நிலக்கரிக்குப் பதிலாக அப்பகுதியில் கிடைத்த கரிப்புல்கட்டியை எரித்து, உள்ளூர்த் தொழிலாளர்களைப் பழக்கி, 183 செ.மீ. விட்டமுள்ள உலோக ஆடியை வார்த்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்று டன். அப்பேராடி முக்கோண நெம்புகளின் அடுக்குகள்மேல் 27 தாங்குதட்டுகளில் அமர்ந்தது. 1845இல் அத்தொலைநோக்கி வழியாகவே, எம் 51 எனப்படும் வான்பொருளின் சுருள் வடிவத்தை அவர் முதன்முதலில் கண்டு வரைந்தார். பிற்காலத்தார் விண்மீன் திரள் என அறிந்த ஒன்றின் சுருட்கைகள், வடிவம் குலையாத ஆடியில்தான் தம்மைக் காட்டின.

தெரிந்து தெளிவோம்

மேலைநாட்டு உழவர்கள் ஒரே ஏரில் இரண்டு குதிரைகளைப் பூட்டும்போது, நடுவில் அசையும் கட்டை ஒன்றின் இரு முனைகளிலும் அவற்றைப் பிணைப்பர். ஒன்று முந்தினால் கட்டை திரும்பி, இரண்டின் இழுவிசையையும் சமமாக்கும். ஆடித்தாங்கியின் நெம்புகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், இந்த உழவுக்கட்டையின் பெயரே ஆகும்.

இதன் செயற்பாட்டை 40 செ.மீ. ஆடியைக் கொண்டு விளக்கலாம். 4 செ.மீ. தடிப்புள்ள அவ்வாடியின் எடை ஏறத்தாழ 12.6 கிலோகிராம். அதற்கேற்றது 18 புள்ளித் தாங்கி. சட்டகத்தில் மூன்று இடங்களில் மூன்று சட்டங்கள், துலாக்கோலைப் போல நடுவில் அசையுமாறு பொருத்தப்படுகின்றன. ஒவ்வொரு சட்டத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு முக்கோணத் தகடு அசைந்தாடுகிறது. ஆறு முக்கோணங்களின் 18 முனைகளே ஆடியைத் தொடுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் 0.7 கிலோகிராமையும், ஒவ்வொரு முக்கோணமும் 2.1 கிலோகிராமையும், ஒவ்வொரு சட்டமும் 4.2 கிலோகிராமையும் ஏற்கின்றன. ஒரு புள்ளி சற்று உயர்ந்திருந்தால், முக்கோணம் தானே சாய்ந்து சுமையை மீண்டும் சமமாக்கிக்கொள்ளும். சட்டகத்தோடு சேரும் இடங்கள் மூன்றே என்பதால், முக்காலியின் உறுதியும் குறைவதில்லை.

18 புள்ளிகளில் 6 உள்வட்டத்திலும் 12 வெளிவட்டத்திலும் அமையும். ஒவ்வொரு முக்கோணமும் உள்வட்டத்தில் ஒரு முனையையும் வெளிவட்டத்தில் இரு முனைகளையும் கொண்டது. இங்கே கருத்தூன்ற வேண்டியது முக்கோணத்தின் அச்சு அமையும் இடம். வெளிமுனைகள் இரண்டு, உள்முனை ஒன்று என்பதால், அச்சு வெளிமுனைகளை இணைக்கும் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அக்கோட்டின் நடுவிலிருந்து உள்முனை வரையுள்ள தொலைவை மூன்றாகப் பிரித்து, வெளிக்கோட்டிலிருந்து முதற்பங்கு முடியுமிடத்தில் அச்சைப் பொருத்தினால் மூன்று முனைகளும் சமச்சுமை ஏற்கும். கண்ணளவில் நடுவே துளையிட்டுவிட்டால், உள்முனை பாதிச் சுமையையும் வெளிமுனைகள் கால்பங்கு வீதமும் ஏற்கும். தகடு அழகாகவே தோன்றும். ஆடியோ ஆறு இடங்களில் மேல்நோக்கி உந்தப்படும். நெம்புகோல் விதி பள்ளிப் பாடத்தோடு முடிவதில்லை என்பதை இத்துளை உணர்த்துகிறது.

சாயும்போது சுமை மாறும்

தொலைநோக்கி தலையுச்சியை நோக்கும்போது மட்டுமே ஆடியின் முழு எடையும் பின்புறத் தாங்கிமேல் இருக்கும். அடிவானத்தை நோக்கிச் சாயச் சாய, எடை விளிம்புக்கு மாறுகிறது. அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்திலுள்ள விண்மீனைக் காணும்போது, பின்புறத் தாங்கி ஏற்பது பாதி எடையே. விளிம்புத் தாங்கியோ எடையில் ஏறத்தாழ 87 விழுக்காட்டுக்கு ஈடான விசையை ஏற்கிறது. பின்புறத்துக்குப் பதினெட்டுப் புள்ளிகளை அமைத்துவிட்டு, விளிம்புக்கு ஒரே ஆணியை அடித்து நிறுத்துவது பொருந்தாது.

விளிம்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒற்றைத் தாங்கி அமைந்தால், ஆடி அவ்விடத்தில் நசுக்கப்பட்டு நீள்வட்ட இயல்பைப் பெறும். ஆகவே, தாழ்ந்த இடத்திலிருந்து இருபுறமும் 45 பாகை விலகி இரு தாங்கிகள் அமைக்கப்படுகின்றன. மிகப் பெரிய ஆடிகளுக்கு வலிய நாடா ஒன்றைத் தூளியைப் போலக் கட்டி, விளிம்பின் கீழ்ப்பாதியை அதில் அமரச் செய்வதும் உண்டு. எம்முறையாயினும், தாங்குமிடம் ஆடியின் ஈர்ப்புமையம் உள்ள தளத்திலேயே இருக்க வேண்டும். அத்தளத்திலிருந்து முன்னோ பின்னோ விலகினால், தாங்கும் விசை ஆடியைத் திருகத் தொடங்கும்.

இடைவெளியின் இன்றியமையாமை

தொலைநோக்கியைத் தூக்கிச் செல்லும்போது ஆடி நழுவி விடுமோ என்னும் அச்சம் இயல்பானது. அந்த அச்சத்தால்தான் பலரும் பக்கத் திருகாணிகளை இறுக்கிவிடுகின்றனர். முகப்பின்மேல் வரும் பிடிப்புகளை அழுத்தி விடுகின்றனர். பிடிப்புகளின் பணி, ஆடி குப்புற விழாமல் காப்பது மட்டுமே. ஆடியைத் தொடாமல், அஞ்சலட்டை நுழையும் அளவு இடைவெளியோடு அவை நிற்க வேண்டும்.

இரவின் குளிர்ச்சி இதற்கு இன்னொரு காரணம். 20 செ.மீ. விட்டமுள்ள போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி ஆடியை அலுமினிய வளையத்துக்குள் இடைவெளியின்றிப் பொருத்தியதாகக் கொள்வோம். வெப்பநிலை 20 பாகை செல்சியசு குறைந்தால் வளையத்தின் விட்டம் 0.09 மி.மீ. அளவு சுருங்கும், கண்ணாடியோ 0.01 மி.மீ. அளவே சுருங்கும். எஞ்சிய 0.08 மி.மீ. அளவுக்கு வளையம் ஆடியை நெருக்கும். கண்ணுக்குப் புலப்படாத இச்சிறு வேறுபாடு, ஏற்கத்தக்க பரப்புப்பிழையான 69 நானோமீட்டரைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. மாலையில் செம்மையாகக் காட்டிய கருவி, இரவு முதிர்ந்ததும் உருவைக் குலைப்பதற்கு இவ்விறுக்கமும் ஒரு காரணமாகலாம்.

குற்றம் ஆடியிலா, தாங்கியிலா?

விண்மீன் குவியாமல் மூன்று முனைகளோடு தெரிகிறது. அல்லது குவியத்துக்கு உட்புறம் ஒரு திசையிலும் வெளிப்புறம் அதற்குச் செங்குத்தான திசையிலும் நீண்டு தெரிகிறது. ஆடியைச் செய்தவர் மனம் தளர்கிறார். தேய்த்ததில் பிழை நேர்ந்ததென முடிவுசெய்து, ஆடியைக் கழற்றி, மீண்டும் மெருகிடத் தொடங்குகிறார். உண்மையில் பிழை தாங்கியில் இருந்திருந்தால், அவர் நல்ல ஆடியைத் தம் கையாலேயே கெடுக்கிறார். திருத்துவதாக எண்ணி, இல்லாத குறைக்கு ஏற்பக் கண்ணாடியைத் தேய்க்கிறார். ஆடி செய்வோர் மிகவும் அஞ்ச வேண்டிய தவறு இதுவே.

இத்தவறைத் தவிர்க்கும் சோதனை மிக எளியது. முதலில் பக்கத் திருகாணிகளையும் பிடிப்புகளையும் தளர்த்திப் பார்க்க வேண்டும். உரு சீரானால் குற்றம் இறுக்கத்தினுடையது. சீராகாவிடில், பிழை எத்திசையில் நீண்டுள்ளது எனக் குறித்துக்கொண்டு, ஆடியை மட்டும் அதன் தாங்கியில் ஏறத்தாழ 45 பாகை திருப்பி வைத்து, மீண்டும் அதே விண்மீனைக் காண வேண்டும். பிழையும் உடன் திரும்பினால் அது கண்ணாடியில் உள்ளது. திரும்பாமல் பழைய திசையிலேயே நின்றால், ஆடியில் குற்றமில்லை. அதைத் தாங்கும் முறையிலோ கருவியின் பிற உறுப்புகளிலோ உள்ளது. கால் மணிநேரச் சோதனை, பல மாத உழைப்பைக் காத்துவிடுகிறது.

பெருங்கருவிகளிலும் அதே நெறி

அவாய்த் தீவின் மௌனா கீ மலையுச்சியிலுள்ள கெக் தொலைநோக்கிகள் ஒவ்வொன்றின் ஆடியும் 10 மீட்டர் அகலமுடையது. அது ஒரே கண்ணாடியன்று. 36 அறுகோணத் துண்டுகளின் தொகுப்பு. ஒவ்வொரு துண்டும் 1.8 மீட்டர் அகலமும் 7.5 செ.மீ. தடிப்பும் கொண்டது. அத்துண்டுகள் ஒவ்வொன்றையும் பின்புறத்தில் 36 புள்ளிகளில் தாங்குவன, கிரப் வகுத்த நெறியில் அமைந்த அசையும் நெம்புகளே. கணினியும் மின்னணு உணரிகளும் துணைநின்றாலும், சுமையைச் சமமாகப் பங்கிடும் அடிப்படை மாறவில்லை.

நல்ல ஆடித்தாங்கி ஆடியை வளைப்பதுமில்லை. வளைந்த ஆடியை நிமிர்த்த முயல்வதுமில்லை. செய்தவர் கொடுத்த வடிவத்தை, கருவி எத்திசையில் சாய்ந்தாலும் அப்படியே இருக்க விடுகிறது. அது தன் பணியைச் செவ்வனே செய்யும் இரவில், கண்வில்லையருகே நிற்பவர்க்குத் தாங்கியின் நினைவே எழுவதில்லை. விண்மீன் மட்டுமே தெரிகிறது.

சொல்லும் பொருளும்

முதன்மை ஆடி – தொலைநோக்கியில் ஒளியை முதலில் திரட்டும் குழியாடி
ஆடித்தாங்கி – முதன்மை ஆடியை ஏந்தும் சட்டகம்
தொய்வு – தன் எடையால் ஏற்படும் வளைவு
குவியம் – ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடும் இடம்
கரிப்புல்கட்டி – சதுப்புநிலத்தில் மட்கிய செடிகொடிகளை வெட்டி உலர்த்திய எரிபொருள்

கற்பவை கற்றபின்

1. தடித்த அட்டையில் முக்கோணம் ஒன்றை வெட்டி, மூன்று முனைகளிலும் சம எடையுள்ள நாணயங்களை ஒட்டுக. அது எவ்விடத்தில் ஊசிமுனைமேல் சாயாமல் நிற்கிறது என்பதைக் கண்டறிந்து, பாடத்தில் கூறப்பட்ட அச்சின் இடத்தோடு ஒப்பிடுக.
2. மெல்லிய நெகிழி அளவுகோலை முனைகளில் தாங்கியும், முனைகளிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தாங்கியும் தொய்வு மாறுவதைக் கண்டு குறிப்பெழுதுக.
3. துலாக்கோல், ஏற்றம், காவடி ஆகியவற்றில் நெம்புகோல் விதி செயற்படும் முறை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. பரப்பிலுள்ள பிழை ஒளியலையில் இருமடங்காவது ஏன்?
2. சமதளப் பலகை ஆடியைத் தாங்க ஏற்றதன்று என்பதற்குக் காரணம் தருக.

சிறுவினா
1. எர்செலின் முதல் பேராடி குறைபட்டதற்கான காரணத்தையும் அவர் கண்ட தீர்வையும் எழுதுக.
2. தொலைநோக்கி சாயும்போது சுமை இடம்மாறுவதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா
‘குற்றம் ஆடியிலா, தாங்கியிலா எனத் தெளியாமல் திருத்த முற்படுவது கேடு விளைக்கும்’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.